லேடாங் மலையேறியவரும் கடல் கொண்ட நிலமும்

குனோங் லேடாங் என்றதும் நம்மில் பலருக்கு அந்த இளவரசியின் கதைதான் நினைவுக்கு வரும். மலாக்கா சுல்தான் பெண் கேட்டு ஆளனுப்ப, ஏழு தட்டு நிறையக் கொசுக்களின் இதயம் வேண்டும் என்று நிபந்தனை போட்டாளே, அவள்தான். 1854ஆம் ஆண்டு அந்த மலைக்கு ஓர் ஆங்கிலேயர் வந்தார். அவர் தேடி வந்தது இளவரசியை அல்ல, வண்டுகளையும் பறவைகளையும். அப்போது அவருக்கு வயது 31. பட்டம் கிடையாது, பணமும் அதிகம் கிடையாது. பிடிக்கும் பூச்சிகளை லண்டனுக்கு அனுப்பி விற்றால்தான் அடுத்த மாதச் சாப்பாடு.

அவர் பெயர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ். ஆறாம் படிவ உயிரியல் நூலில் டார்வினுக்குப் பக்கத்தில் ஒரு வரியில் வந்துபோகும் அதே வாலஸ்தான். நான் பல்கலைக்கழகத்தில் கடலியல் படிக்கிறேன், இப்போது இரண்டாம் ஆண்டு. அந்த ஒரு வரி அவருக்குப் போதாது என்பது என் எண்ணம். பரிணாமக் கொள்கையில் அவருக்குள்ள பங்கைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஜொகூரைச் சுற்றியுள்ள கடல் ஒரு காலத்தில் நிலமாக இருந்தது என்று விலங்குகளையும் பறவைகளையும் வைத்தே ஊகித்தவர் அவர். அந்த ஊகத்துக்கு வலுவான சாட்சிகளில் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் ஓடுகளிலிருந்து பின்னாளில் கிடைத்தது.

வாலஸ் 1823 ஜனவரி 8ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் அஸ்க் என்னும் சிற்றூருக்கு அருகே பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் எட்டாமவர். தந்தை கையிலிருந்த பணத்தையெல்லாம் தவறான முதலீடுகளில் இழந்துவிட்டதால், 14 வயதிலேயே பள்ளிக்கூடம் நின்றுபோனது. அண்ணன் வில்லியம் நில அளவையாளர். தம்பியையும் சங்கிலியும் கோலும் தூக்க வைத்துத் தன்னோடு ஊர் ஊராகக் கூட்டிச் சென்றார். வயலையும் மலைச்சரிவையும் அளந்து வரைபடம் போடுவதுதான் வேலை. மேடு எங்கே, பள்ளம் எங்கே, நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்கும் பழக்கம் அப்படித்தான் அவர் கண்ணில் ஒட்டிக்கொண்டது. வகுப்பறையில் உட்கார்ந்திருந்தால் அது வந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு லெஸ்டர் நகரில் கொஞ்சகாலம் ஆசிரியர் வேலை. அங்கே ஹென்றி பேட்ஸ் என்ற வண்டுப் பைத்தியம் நண்பராக வாய்த்தார். இருவரும் 1848ல் அமேசான் காட்டுக்குக் கப்பலேறினார்கள். அங்கு வாலஸ் கழித்த நான்கு ஆண்டுகள் எளிதானவை அல்ல. உதவிக்கு வந்த தம்பி மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். 1852ல் தாயகம் திரும்பும்போது நடுக்கடலில் கப்பலில் தீப்பிடித்தது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த மாதிரிகளும் குறிப்பேடுகளும் கண்ணெதிரே எரிந்துபோயின. ஒரு தகரப் பெட்டியில் இருந்த சில படங்கள் மட்டுமே மிச்சம். பத்து நாள் திறந்த படகில் மிதந்த பிறகு வேறொரு கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. லண்டன் முகவர் முன்யோசனையாக 200 பவுனுக்குக் காப்பீடு செய்திருந்ததால் கையில் கொஞ்சம் காசு வந்தது. இவ்வளவும் பட்டவர் இனிக் கடல் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார் என்றுதான் நாம் நினைப்போம். இரண்டே ஆண்டில், 1854 ஏப்ரலில், அவர் சிங்கப்பூரில் வந்து இறங்கிவிட்டார்.

சிங்கப்பூரைப் பற்றி எழுதும்போது நம்மவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. சிறு வணிகர்கள், கடைக்காரர்கள் என்று, இன்று நாம் கேட்க விரும்பாத அந்தப் பழைய பெயராலேயே குறிப்பிடுகிறார். அவர்களுடைய ஊர் இந்தியாவின் மேற்குப் பகுதி என்றும் எழுதிவிட்டார். வண்டின் காலில் உள்ள முடியைக்கூட எண்ணிப் பார்ப்பவர், மனிதர்கள் விஷயத்தில் அந்த அளவு அக்கறை காட்டவில்லை போலும்.

அதே ஆண்டு ஜூலையில் மலாக்காவுக்கு வந்தார். காய்ச்சலில் விழுந்து கொய்னா மருந்தால் எழுந்தார். அதன்பின் ஆயர் பானாஸ் வழியாக, அன்று ஐரோப்பியர்கள் ஓஃபிர் மலை என்றழைத்த லேடாங்குக்குப் புறப்பட்டார். சுமை தூக்க ஆறு மலாய்க்காரர்கள். வழியெல்லாம் அட்டைக் கடி. பாறை வெளிக்கு ஏறியபோது தண்ணீர் தீர்ந்துபோய்த் தாகம் வாட்டியது. பூச்சிகள் செத்து மிதக்கும் கெண்டிச்செடிக் குடுவைகளில் இருந்த நீரைத்தான் குடித்தார்கள், சுவையும் மோசமில்லையாம். யானையும் காண்டாமிருகமும் நடமாடிய காடு என்பதால் இரவெல்லாம் தீ மூட்டி வைத்திருந்தார்கள். ஆர்கஸ் கோழியின் குரல் கேட்டதே தவிர, ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. உச்சியிலிருந்து பார்த்தபோது எல்லாப் பக்கமும் முடிவில்லாத காடு, இடையே மின்னும் ஆறுகள். இன்று ஏறினால் தெரிவது பெரும்பாலும் செம்பனை.

அந்த மலையில் அவரைக் கவர்ந்தவற்றில் இரண்டு பெரணிகள் உண்டு: டிப்டெரிஸ், மத்தோனியா. மத்தோனியாவின் உறவினங்கள் டைனசோர் காலத்துப் பாறைகளில், இங்கிலாந்தில்கூட, புதைபடிவமாகக் கிடைக்கின்றன. இன்று அந்தக் குடும்பம் உயிரோடு எஞ்சியிருப்பது நம் வட்டாரத்து மலைகளில்தான். 1,276 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்குப் பள்ளிச் சுற்றுலா போகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு வந்துவிடாமல் அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம்.

1854 முதல் 1862 வரை எட்டு ஆண்டுகள் வாலஸ் இந்தத் தீவுக்கூட்டத்தில் அலைந்தார். சுமார் 14,000 மைல் பயணம். சேர்த்த மாதிரிகள் 1,25,660. அதில் வண்டுகள் மட்டும் 83,200. இத்தனையையும் அவர் ஒருவரே சேர்க்கவில்லை. சரவாக்கில் வேலைக்குச் சேர்ந்த அலி என்ற மலாய்ச் சிறுவன் பறவைகளைச் சுட்டு, தோலுரித்து, பதப்படுத்தக் கற்றுக்கொண்டான். வாலஸ் பெயரைத் தாங்கி நிற்கும் ஒரு சொர்க்கப் பறவையை முதலில் கொண்டுவந்து காட்டியவன் அலிதான். பறவைக்குப் பெயர் வைத்தபோது அலியின் நினைவு யாருக்கும் வரவில்லை.

1855ல் சரவாக்கிலிருந்து எழுதிய கட்டுரை, 1858ல் டெர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்கு அனுப்பிய கடிதம், அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாள் லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் ஒன்றாக வாசிக்கப்பட்டது — இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. நான் நிற்க விரும்புவது 1856 ஜூனில் அவர் பாலியிலிருந்து லொம்போக்குக்குப் போன சிறு பயணத்தில்.

இரு தீவுகளுக்கும் இடையே உள்ள நீரிணை அகலமானது அல்ல. ஒரு கரையில் நின்றால் மறுகரையின் மலை தெரியும். ஆனால் பாலியில் அவர் கண்ட மரங்கொத்திகளும் குக்குறுவான்களும் லொம்போக்கில் இல்லை. லொம்போக்கில் கண்ட வெள்ளைக் காக்காத்துவாக்கள் பாலியில் இல்லை. அவை ஆஸ்திரேலியப் பக்கத்துப் பறவைகள். பறவை பறக்கும்தானே? அந்தச் சின்ன நீரிணையைத் தாண்ட முடியாதா? மறுபக்கம் இன்னொரு புதிர். மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ இவற்றுக்கு இடையில் எவ்வளவோ அகலமான கடல் கிடக்கிறது. ஆனாலும் யானை, காண்டாமிருகம், தப்பிர் என நீந்திக் கடக்க முடியாத பெரிய விலங்குகளை இந்நிலங்களில் இரண்டு மூன்றிலாவது பொதுவாகக் காண முடிகிறது. அகலம் விடை தராது. அப்படியானால் விடை ஆழத்தில் இருக்க வேண்டும்.

ஆழத்தைப் பற்றி ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் என்பவர் 1845லேயே எழுதியிருந்தார். போர்னியோவும் ஜாவாவும் சுமத்ராவும் ஆசியாவோடு ஓர் ஆழமற்ற திட்டினால் இணைந்திருக்கின்றன என்பது அவர் கவனித்தது. வாலஸ் அதை எடுத்துக்கொண்டார். இந்த நிலங்களுக்கு இடைப்பட்ட கடல் பெரும்பாலும் 40 பாகத்துக்கும் குறைவு, அதாவது ஏறக்குறைய 73 மீட்டர். மீனவர்கள் கைகளை விரித்து அளப்பார்களே, அந்தப் பாகம்தான். எங்கு வேண்டுமானாலும் கப்பல் நங்கூரம் போடலாம். ஆக, இது மூழ்கிப்போன நிலம், மூழ்கியதும் அண்மைக் காலத்தில்தான் என்று முடிவுகட்டினார். 1859ல் லின்னேயன் சங்கத்திலும் 1863ல் அரச புவியியல் கழகத்திலும் இதை விளக்கினார். பின்னதோடு வந்த வரைபடத்தில் பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவே ஓடும் கோட்டைத்தான் இன்று நாம் வாலஸ் கோடு என்கிறோம்.

நிலம் ஏன் மூழ்கியது? இந்த இடத்தில் வாலஸ் சறுக்கினார். ஜாவாவிலும் சுமத்ராவிலும் வரிசையாக எரிமலைகள் நிற்கின்றன. அவை பூமிக்குள்ளிருந்து இவ்வளவு பொருளை வெளியே கக்கினால் சுற்றியுள்ள தரை அமிழ்ந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தார். அந்தக் காலத்துக்கு அது நியாயமான எண்ணம்தான். ஆனால் 1840களின் தொடக்கத்திலேயே சார்ல்ஸ் மக்லாரன் என்ற ஸ்காட்லாந்துப் பத்திரிகை ஆசிரியர் வேறொன்றைச் சொல்லியிருந்தார். பனி யுகத்தில் அவ்வளவு நீர் பனியாக நிலத்தில் குவிந்திருந்தால், கடல் அந்த அளவு வற்றியிருக்க வேண்டுமே என்பது அவர் கணக்கு. தரை கீழே போகவில்லை, நீர் மேலே வந்தது என்பதுதான் இதன் பொருள். இது சரி என்று காட்ட அன்று யாரிடமும் சான்று இல்லை. அந்தச் சான்று சேற்றில் இருந்தது.

கொஞ்சம் சேற்றில் இறங்குவோம்.

கடலடியிலும் கழிமுகத்திலும் ஃபொராமினிஃபெரா என்ற ஒரு செல் உயிர்கள் வாழ்கின்றன. செல்லமாக ஃபோராம். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஓட்டைக் கட்டிக்கொள்கிறது. சில சுண்ணாம்பால் கட்டும். சில மணல் துகள்களைப் பொறுக்கி ஒட்டிக் கட்டும். உயிர் போன பின்னும் ஓடு சேற்றில் கிடக்கும். இப்படிப்பட்டவற்றைத்தான் நுண்புதைபடிவங்கள் என்கிறோம். மகரந்தத் துகளும் அந்த வகையே.

இந்த உயிர்களுக்கு இடம் முக்கியம். பாக்காவ் காட்டின் மேட்டுப் பகுதியில், எப்போதாவது பெரிய நீரேற்றத்தில் மட்டும் நனையும் சேற்றில், மணல் ஓட்டுக்காரர்கள் மிகுதி. அங்குள்ள அமிலத்தன்மை சுண்ணாம்பைக் கரைத்துவிடும். கொஞ்சம் கீழே, நாள்தோறும் இருமுறை நீர் வந்துபோகும் சேற்றுத் திட்டில் அம்மோனியா, எல்ஃபிடியம் போன்ற சுண்ணாம்பு ஓட்டுக்காரர்கள் பெருகுவார்கள். (இந்த அம்மோனியா வேதியியல் பாடத்து வாயு அல்ல, ஓர் உயிரினத்தின் பெயர்.) இன்னும் ஆழம் போகப் போக, மேலே மிதந்து வாழும் இனங்களின் ஓடுகள் அடியில் வந்து படிவது கூடும். எனவே ஒரு பிடி சேற்றில் எந்த ஓடு எத்தனை என்று எண்ணினால், அந்தச் சேறு படிந்தபோது கடல்மட்டம் அதற்கு எவ்வளவு மேலே இருந்தது என்று சொல்லிவிடலாம். சேற்றோடு கிடக்கும் இலை, வேர்த் துண்டுகளைக் கார்பன்-14 முறையில் சோதித்தால் காலமும் கிடைத்துவிடும். மட்டம், காலம் இரண்டும் சேர்ந்தால் வரைபடத்தில் ஒரு புள்ளி. பல புள்ளிகள் சேர்ந்தால் கடல் ஏறிய கதை.

எண்ணுவது என்று எழுதிவிட்டேன், செய்து பார்த்தால்தான் தெரியும். சேற்றை 63 மைக்ரோன் சல்லடையில் ஊற்றி, குழாய்நீரில் மெல்ல அலச வேண்டும். முகப்பூச்சு மாதிரியான களிமண் எல்லாம் ஓடிப்போய், அடியில் ஒரு தேக்கரண்டி மணல் மிஞ்சும். அதைக் காயவைத்து, நுண்ணோக்கிக்குக் கீழே பரப்பி, நனைந்த தூரிகை முனையால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவோம். ஒரு மாதிரிக்கு 200, 300 என்று எண்ணும்போது கழுத்து பிடித்துக்கொள்ளும். சுருண்ட சங்கு மாதிரி ஒன்று, பனிக்கட்டியில் செதுக்கிய முறுக்கு மாதிரி ஒன்று. முதல் முறை பார்த்தபோது, இதை வடிவமைத்தது மூளையே இல்லாத ஒரு செல் என்று நம்பக் கடினமாக இருந்தது.

அந்தச் சேறு நம் வட்டாரத்தைப் பற்றி என்ன சொல்கிறது? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனி உச்சத்தில் இருந்தபோது, உலகக் கடல்மட்டம் இன்றைக்கு ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. வாலஸ் சொன்ன 40 பாகம் முழுவதும் வறண்ட நிலம். ஜொகூரிலிருந்து போர்னியோவுக்கு நடந்தே போகலாம். காஸ்வே நெரிசல் இல்லை, கடப்பிதழில் முத்திரை இல்லை. லொம்போக் நீரிணை மட்டும் அப்போதும் வற்றவில்லை, அவ்வளவு ஆழம். காக்காத்துவாவின் புதிருக்கு விடை அதுதான்.

பிறகு பனி உருகியது. தென் சீனக் கடலின் அடியிலிருந்து எடுத்த சேற்று உருளைகளில் பழைய சதுப்புநிலக் காடுகளின் எச்சங்கள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். 14,600 முதல் 14,300 ஆண்டுகளுக்கு முன்பு வரையான வெறும் 300 ஆண்டுகளில் கடல் 16 மீட்டர் ஏறியிருக்கிறது. ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் மேல். அங்கே மனிதர்கள் வாழ்ந்திருந்தால், ஒரு பாட்டி தான் விளையாடிய கரையைத் தன் பேரனுக்குக் காட்டியிருக்க முடியாது.

மலாக்கா நீரிணையிலும் 1979ல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன் 13 மீட்டர் கீழே இருந்த கடல், அடுத்த சில ஆயிரம் ஆண்டுகளில் இன்றைய மட்டத்தையும் தாண்டிச் சில மீட்டர் மேலே ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. ஆம், இறங்கியது. பத்து பகாட், பொந்தியான் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு இதன் விளைவு தெரியும். அங்கே தோண்டினால் வருவது வெண்ணெய் மாதிரி மென்களிமண். சாலை அலையலையாக அமிழும், சுவர் வெடிக்கும். கட்டுமானப் பொறியியல் மாணவர்கள் அந்தக் களிமண்ணோடு மல்லுக்கட்டுகிறார்கள். அது கடல் விட்டுச்சென்ற சேறு. கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே அது கிடப்பதற்குக் காரணம், ஒரு காலத்தில் கரையே அங்கேதான் இருந்தது.

நீர்தான் ஏறியது, தரை அமிழவில்லை என்பதற்கு உலக அளவிலான சான்றும் ஃபோராம்களிடமிருந்தே வந்தது. கடல்நீர் ஆவியாகும்போது எடை குறைந்த ஆக்சிஜன் அணுக்கள் கொஞ்சம் கூடுதலாக மேலே போகின்றன. அந்த நீர் துருவத்தில் பனியாக உறைந்து நின்றுவிட்டால், கடலில் எடை கூடிய ஆக்சிஜனின் பங்கு உயரும். ஃபோராம் தன் ஓட்டைக் கட்டுவது அந்த நீரிலிருந்துதான். செசாரே எமிலியானி 1955ல் ஆழ்கடல் ஓடுகளில் இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து, அது கடலின் வெப்பநிலையைக் காட்டுவதாக எண்ணினார். பெரும்பகுதி பனியின் அளவையே காட்டுகிறது என்று 1967ல் நிக்கலஸ் ஷக்கிள்டன் விளக்கினார். மக்லாரனின் கணக்குக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் சாட்சி கிடைத்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தச் சாட்சிகள் வாலஸ் காலத்திலேயே அவர் பக்கத்தில் வந்துபோயின. சேலஞ்சர் என்ற ஆய்வுக்கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களின் அடியைத் துழாவியது. 1874ல் அது டெர்னாத்தேக்கும் வந்தது, வாலஸ் அந்தக் கடிதத்தை அனுப்பி 16 ஆண்டுகள் கழித்து. அக்கப்பல் அள்ளிய ஃபோராம்களைப் பற்றி ஹென்றி பிராடி 1884ல் எழுதிய பெருநூலை இன்றும் புரட்டுகிறார்கள்.

வாலஸும் அந்த ஓடுகளைச் சும்மா விடவில்லை. 1880ல் வெளிவந்த தீவு வாழ்க்கை பற்றிய நூலில் அவர் ஒரு வழக்கை நடத்துகிறார். அப்போது பல அறிஞர்கள், இங்கிலாந்தின் வெண்சுண்ணப் பாறையிலும் ஆழ்கடல் சேற்றிலும் ஒரே மாதிரி குளோபிஜெரினா ஓடுகள் இருக்கின்றன, எனவே இன்றைய நிலம் ஒரு காலத்தில் ஆழ்கடலாக இருந்தது என்று சொல்லி வந்தார்கள். ஓடு ஒன்றுபோல் இருப்பது மட்டும் போதாது என்றார் வாலஸ். இரண்டின் வேதியியல் கலவையை ஒப்பிட்டார். சுண்ணப் பாறையில் கூடவே கிடக்கும் சிப்பிகள் ஆழமற்ற நீரில் வாழ்பவை என்று எடுத்துக்காட்டினார். கண்டத்தின் மேல் பரவியிருந்த கடலில்தான் அது படிந்தது, பெருங்கடல் படுகையில் அல்ல என்று வாதிட்டார். இன்றைய புவியியலும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. ஓடு என்ன இனம் என்பதோடு அதன் அக்கம்பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு ஆய்வுக்கூடத்தில் முதல் வாரத்தில் சொல்லித்தரும் பாடம்.

இந்த வாதம் தமிழர்களாகிய நமக்கு நேரடியாக வேண்டியது. லெமூரியா என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழ் மாணவர் இருக்க முடியாது. மடகாஸ்கரில் உள்ள லெமூர்களின் உறவினங்கள் இந்தியப் பக்கமும் இருப்பதைக் கண்டு, இடையில் ஒரு கண்டம் இருந்திருக்கும் என்று 1864ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் வைத்த பெயர் அது. பின்னர் தமிழகத்தில் அது குமரிக்கண்டத்தோடு சேர்ந்துகொண்டது. வாலஸ்கூட முதலில் அதை ஏற்கத்தக்கது என்றே நினைத்தார். 1880 நூலில் கைவிட்டார். பெருங்கடல்கள் நிலையானவை, ஆழ்கடலைத் தாண்டிக் கண்டங்களைக் கற்பனை செய்யத் தேவையில்லை என்பது அவர் முடிவு.

தங்காக் பக்கத்தில் இருக்கும் என் பெரியப்பா குடும்பப் புலனக் குழுவில் குமரிக்கண்டத்தின் வரைபடத்தை ஆண்டுக்கு இருமுறையாவது அனுப்புவார். பெரியவர் அவர், மரியாதைக்குரியவர், தமிழ்ப்பற்று மிக்கவர். ஆனால் நான் பதில் சொல்லாமல் விடுவதில்லை. பெரியப்பா, கடல் நிலத்தைக் கொண்டது உண்மைதான், நீங்கள் காட்டும் இடம்தான் வேறு என்று எழுதுவேன். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே பாக் நீரிணை ஆழமற்றது, பனி யுகத்தில் அங்கே நடந்து போகலாம். நாம் உட்கார்ந்திருக்கும் இதே இடத்தைச் சுற்றி இந்தியாவில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பு மூழ்கியிருக்கிறது. கடல் கொண்ட நிலத்தின் மீதுதான் நம் மீன்பிடிப் படகுகள் போகின்றன. கன்னியாகுமரிக்குத் தெற்கே தரை சரிந்து சில ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குப் போய்விடுகிறது. 120 மீட்டர் இறங்கிய கடலால் அங்கே ஒரு கண்டத்தைத் திறந்துவிட முடியாது. பெரியப்பா ஒரு கும்பிடு படம் அனுப்புவார். ஆறு மாதம் கழித்து அதே வரைபடம் மறுபடியும் வரும்.

வாலஸுக்கு வந்த பெரியப்பா கொஞ்சம் மோசமானவர். பூமி தட்டையானது, நீரின் மேற்பரப்பில் வளைவே இல்லை, இருந்தால் காட்டு, 500 பவுன் தருகிறேன் என்று 1870ல் ஜான் ஹாம்டன் என்பவர் சவால் விட்டார். பழைய நில அளவையாளருக்குக் கை அரித்திருக்கும். ஒரு கால்வாயில் ஆறு மைல் தூரத்துக்கு ஒரே உயரத்தில் அடையாளங்களை நிறுத்தி, தொலைநோக்கி வைத்து, நடுவில் உள்ளது உயர்ந்து தெரிவதைக் காட்டினார். பந்தயத்தில் வென்றார். ஆனால் ஹாம்டன் ஒப்புக்கொள்ளவில்லை. பல ஆண்டுகள் வசைக் கடிதங்கள், வழக்குகள். வாலஸின் மனைவிக்கே மிரட்டல் கடிதம் போனது. வழக்குச் செலவு பந்தயப் பணத்தையும் விழுங்கியது.

அதற்காக வாலஸை எல்லாவற்றிலும் சான்றை மட்டுமே நம்பியவர் என்று காட்ட நான் விரும்பவில்லை. ஆவிகளோடு பேசுவதை அவர் நம்பினார். அம்மைத் தடுப்பூசியை எதிர்த்துக் கடைசிவரை எழுதினார். சேற்றையும் சிப்பியையும் அவ்வளவு கவனமாகப் பார்த்த கண்கள்தான் அவையும். எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

பணம் அவர் கையில் தங்கவே இல்லை. மாதிரிகளை விற்றுச் சேர்த்ததையும் தந்தையைப் போலவே முதலீடுகளில் இழந்தார். நிலையான வேலை ஒன்றும் கிடைக்கவில்லை. புத்தகம் எழுதியும் தேர்வுத்தாள் திருத்தியும் குடும்பத்தை ஓட்டினார். 1881ல் டார்வினும் நண்பர்களும் முயன்று, ஆண்டுக்கு 200 பவுன் அரசு உதவித்தொகை வாங்கித் தந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. 1908ல் பிரிட்டனின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஆர்டர் ஆஃப் மெரிட் கிடைத்தது.

செயற்கைக்கோள்கள் அளந்து சொல்வதன்படி இன்று உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஏறுகிறது. பழைய வேகங்களோடு ஒப்பிட்டால் இது சிறிது என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. அன்று கரையோரத்தில் நகரம் இல்லை, துறைமுகம் இல்லை, பொந்தியானின் தென்னந்தோப்புகளைக் காக்கும் வரப்பும் இல்லை. ஆசியப் பெருநிலத்தின் தென்முனையான தஞ்சோங் பியாயில் பாக்காவ் மரங்கள் வேரோடு கடலில் சாய்ந்து கிடப்பதை இப்போதே காணலாம். அலையும் கப்பல் போக்குவரத்தும் அங்கே கரையை அரிக்கின்றன, பழியை முழுவதும் கடல்மட்டத்தின் மேல் போட முடியாது. அந்த இடமும் புலாவ் குக்குப்பும் சுங்கை பூலாயும் 2003 முதல் ராம்சார் பட்டியலில் உள்ள ஈரநிலங்கள். அவற்றின் சேற்றில் இன்று வாழும் ஃபோராம்கள் எந்த மட்டத்தில் எவை என்று தெரிந்தால்தான், பழைய சேற்றில் உள்ளவற்றைச் சரியாகப் படிக்க முடியும். காடு போனால் அந்த அகராதியும் போய்விடும்.

வாலஸ் 1913 நவம்பர் 7ஆம் நாள், 90ஆவது வயதில், இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய பிராட்ஸ்டோனில் காலமானார். அவர் கல்லறையின் மேல் ஏழு அடி உயரத்தில் ஒரு மரத்தண்டு நிற்கிறது. அருகிலுள்ள போர்ட்லண்டிலிருந்து கொண்டுவந்த, கல்லாகிப்போன ஊசியிலை மரம். 14 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், ஆழமற்ற உவர்நீர் ஏறி மூழ்கடித்த ஒரு காட்டில் நின்றிருந்த மரம் அது.